முட்டு எங்கடா, பேராண்டி?

ஏம்பா பேராண்டி, ஒரு பிளாஸ்டிக் குழாயில எச்சியைத் துப்பி கூரியர்ல போட்டா, எழுபது வயசுல உன் மூளை இன்னா கதியாகும்னு சொல்லிடுவானாமே? உங்க ஆபீசுல எல்லாருக்கும் பாதி விலையாமே? கேட்டதுல இருந்து எனக்குச் சிரிப்பு அடங்கலை. வெத்தலை போட்டு லைன் வூட்டு வாசல்ல துப்பினதுக்கு எங்க அக்கா, அதான் உங்க ஆயா, அவகிட்ட நான் வாங்கின திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. நீ என்னடான்னா காசு குடுத்துத் துப்பப் போற. படிச்சவன் துப்பினா பரிசோதனை, நான் துப்பினா பஞ்சாயத்து.

சரி, சிரிச்சாச்சு. உன் பயம் எனக்குத் தெரியாம இல்லை. போன வாட்டி மாரிக்குப்பத்துல பெங்களூர் ரயில் ஏறும்போதே உன் மூஞ்சி சரியில்லை. ஆயா உன்னைப் பாத்து "யாருப்பா நீ, யூனியன் ஆபீஸ்ல இருந்து வரியா?"ன்னு கேட்டுட்டா. அவளுக்கு வந்தது நமக்கும் வருமான்னு ரயில் பூரா கணக்குப் போட்டிருப்ப. போடு, தப்பில்லை. ஆனா அவளை இங்க ஊரு எப்படிப் பாத்துக்குதுன்னும் தெரிஞ்சுக்க.

மத்தியானம் ஒண்ணரை ஆனா டிபன் கேரியரைத் தேய்ச்சுக் கழுவி, மூணு அடுக்குலயும் ஒண்ணுமே வைக்காம மூடி, கொக்கியை மாட்டிக்கினு ரோட்டுல இறங்கிடுவா. ஷிப்ட்ல இருக்கற புருஷனுக்குச் சோறு! நம்ம கோலார் தங்க மைன்ஸ் மூடினது 2001 பிப்ரவரி 28. அந்த மனுஷன் அதுக்கும் முன்னாடியே கல்லுத்தூசி நெஞ்சுல ஏறிப் போய்ச் சேந்துட்டாரு. மொதல்ல நாங்க "மைன்ஸ் மூடிட்டாங்க, அவரு செத்துட்டாரு"ன்னு சொல்லித் தடுப்போம். அவளுக்கு அது ஒவ்வொரு நாளும் புதுச் சாவு. மாரடிச்சுக்கினு அழுவா. கடைசில முனையில இருக்கற டீக்கடைக்காரன்தான் வழி கண்டுபிடிச்சான். "ஆயா, அவருக்கு இன்னிக்கு ஓவர்டைம். கேன்டீன்ல சாப்ட்டுக்கறேன், நீ வூட்டுக்குப் போன்னு சொல்லி அனுப்பினாரு"ன்னான். அவ அப்படியே திரும்பிட்டா. "ஓவர்டைம் காசு எந்தக் கடைக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்"னு முணுமுணுத்துக்கினே வந்தா. இப்ப தினமும் ஓவர்டைம்தான். மைன்ஸ் நல்லா ஓடின காலத்துலகூட அந்தாளுக்கு இவ்வளவு ஓவர்டைம் கிடைச்சதில்லை.

ஆளுக்கேத்த வைத்தியம், ஆளுக்கேத்த கவனிப்புன்னு நீ இங்கிலீஷ்ல நீட்டி முழக்கினியே, அது இதுதான். டீ ஆத்தறவன் எந்தக் குரோமோசோமையும் பாக்கலை.

கிழவனுக்கு விஞ்ஞானம் புரியலைன்னு உதட்டைப் பிதுக்காதே. 1965ல பூமிக்கடியில ரெண்டு கிலோமீட்டருக்கும் கீழே, நம்ம சாம்பியன் ரீஃப் மைன்ஸ்லதான் வானத்துல இருந்து இறங்கற நியூட்ரினோங்கற துகளைப் பிடிச்சாங்க. பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகம், ஜப்பான் ஒசாக்கா, இங்கிலாந்து டர்ஹாம், மூணு இடத்து ஆளுங்களும் சேந்து செஞ்ச வேலை. அவங்க சாமான் இறங்கின அதே கேஜ்ல, அதான் சுரங்க லிப்ட்லதான், நம்ம ஆளுங்களும் இறங்கினாங்க. கண்ணுக்குத் தெரியாததைத் தேடறவனைப் பாத்து நாங்க என்னிக்கும் சிரிச்சதில்லை. கண்டுபிடிச்சதை வெச்சுக்கினு இன்னா பண்ணப் போறன்னுதான் கேப்போம்.

அந்த எச்சிக் குழாய்ல இன்னா பாப்பான்? முக்கியமா ஏபிஓஇன்னு ஒரு ஜீன். 19வது குரோமோசோம்ல இருக்குது. கொழுப்பைச் சுமந்துக்கினு போற ஒரு புரதத்தோட ஜீன் அது. அதுல 2, 3, 4ன்னு மூணு ரகம். அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பன்கிட்ட இருந்து ஒண்ணு வரும். 4ஆம் ரகத்துக்கும் அல்சைமருங்கற மறதி நோய்க்கும் தொடர்பு இருக்குதுன்னு 1993ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சாங்க. ஒரு 4 இருந்தா ஆபத்து ரெண்டு மூணு மடங்கு, ரெண்டும் 4ஆ இருந்தா 8ல இருந்து 12 மடங்குன்னு ஐரோப்பிய ஜனங்களை வெச்சுப் போட்ட கணக்கு. இது போக, தனித்தனியா ஒண்ணுக்கும் உதவாத சின்னச் சின்ன மாற்றம் ஜீன்ல எத்தனையோ இருக்குது. எல்லாத்தையும் கூட்டி ஒரே மார்க்காக் குடுப்பான். உன் ரிப்போர்ட்ல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு வர்றது அதுதான். மடங்குன்னு சொல்றான், வரும்னு சொல்லலை. 4 இருந்தும் தொண்ணூறு வயசுல கணக்கு நோட்டு எழுதறவன் இருக்கான். 4 இல்லாமலே மறந்து போனவளும் இருக்கா.

நான் வேலை பாத்தது மைன்ஸ்ல பாறைக்கு முட்டு குடுக்கற கேங்ல, அது உனக்குத் தெரியும். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம். அவ்வளவு பாறையைத் தலைமேல வெச்சுக்கினு கீழே தோண்டினா அது சும்மா இருக்குமா? திடீர்னு வெடிக்கும். பழைய ஆளுங்க ஏர் பிளாஸ்ட்னுவாங்க, அப்புறம் ராக் பர்ஸ்ட்னாங்க. எந்த இடத்துல பாறை முறுக்கிக்கினு இருக்குதுன்னு பாக்க, பாபா அணு ஆராய்ச்சி மையத்து ஆளுங்களோட சேந்து அதிர்வுக் கருவி வெச்சாங்க. கருவி நல்லாத்தான் வேலை செஞ்சுது. இந்த லெவல்ல இந்தப் பக்கம் சத்தம் கூடிக்கினு போவுதுன்னு சொல்லும். எந்த நாள், எந்த மணிக்குன்னு சொல்லாது. ஆனா சொன்ன உடனே செய்யறதுக்கு எங்களுக்கு வேலை இருந்துச்சு. கருங்கல் அடுக்கோ கான்கிரீட்டோ, முட்டைக் கூட்டலாம். தோண்டற வரிசையை மாத்தலாம். அந்தப் பக்கம் ஆளை இறக்காம நிறுத்தலாம். அதனாலதான் அந்தக் கருவிக்கு மரியாதை. உன் எச்சி ரிப்போர்ட்லயும் சிவப்பு வரட்டும். நீ எதைக் கொண்டாந்து முட்டு குடுப்ப?

இந்தக் கேள்விக்கு ஒரு இடத்துல பதில் இருக்குது, அதை நான் மறைக்க மாட்டேன். அல்சைமருக்கு லெகனெமாப்னு ஊசி மருந்து வந்துச்சு. அமெரிக்காவுல 2023 ஜூலைல முழு அனுமதி குடுத்தாங்க. நோய் ஆரம்பத்துல இருக்கறவங்களுக்கு, அது போற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது. அந்த மருந்தால சில பேருக்கு மூளை வீங்கும், சில பேருக்கு மூளைக்குள்ள ரத்தம் கசியும். ஆராய்ச்சில மருந்து எடுத்தவங்களைப் பிரிச்சுப் பாத்தாங்க. 4ஆம் ரகம் இல்லாதவங்கள்ல நூத்துக்கு 5 பேர் கிட்ட வீக்கம், ஒண்ணு இருந்தவங்கள்ல 11 பேர் கிட்ட, ரெண்டும் இருந்தவங்கள்ல 33 பேர் கிட்ட. அதனால ஊசி போடறதுக்கு முன்னாடி ஜீனைப் பாருன்னு மருந்து அட்டையிலேயே எச்சரிக்கை. ரெண்டு 4 இருக்கறவங்களுக்கு ஐரோப்பாவுல அனுமதியே இல்லை. இங்க ஜீன் தெரிஞ்சா டாக்டர் செய்யற வேலை மாறுது, அதனால பாக்கறதுல அர்த்தம் இருக்குது. ஆனா இது நோய் வந்தவளுக்கு, டாக்டர் பக்கத்துல உக்காந்து பாக்கறது. இருபத்தெட்டு வயசுல, சாவியை எங்க வெச்சேன்னு தேடறவனுக்கு இல்லை. நீ சாவியைத் தொலைக்கறது ஜீனால இல்லை, போனைப் பாத்துக்கினே கதவைத் திறக்கறதால.

அடுத்தது, அந்த மடங்குக் கணக்கு யாரோட ரத்தத்துல போட்டது? பெரும்பாலும் வெள்ளைக்காரங்க ரத்தத்துல. அதே 4ஆம் ரகம் ஆப்பிரிக்க வம்சாவளி ஜனங்களுக்கு அவ்வளவு ஆபத்து பண்றதில்லைன்னு அவங்களே எழுதறாங்க. நம்ம பக்கம் 4 இருக்கறவங்களே கொஞ்சம் குறைச்சல். ஜீன் ஒண்ணுதான், அதைச் சுத்தி இருக்கற மத்த ஜீனும், தின்னற சோறும், வாழ்ந்த வாழ்க்கையும் வேற. ஜான் டெய்லர் கம்பெனி 1880ல வந்ததுல இருந்து வெள்ளைக்காரன் இங்க எல்லாத்தையும் அளந்துட்டுப் போனான். அவனை அளந்த அளவுல நம்மளை அளக்கறது உனக்குச் சரியாப் படுதா?

நம்ம ஜனங்களை அளக்கற வேலை நம்ம ஜில்லாவுலயே நடக்குதுடா, உனக்குத்தான் தெரியாது. சீனிவாசபுரத்துல, மாம்பழ ஊர்ல. பெங்களூர்ல நாம டாட்டா இன்ஸ்டிட்யூட்னு சொல்ற இந்திய அறிவியல் கழகத்துல இருக்கற மூளை ஆராய்ச்சி மையம் நடத்துது. இன்ஃபோசிஸ் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பத்து அறக்கட்டளை பணம் போட்டு வளத்த மையம் அது. 45 வயசுக்கு மேல இருக்கற கிராமத்து ஜனங்க 10,000 பேரைச் சேத்து, வருஷக்கணக்கா தொடர்ந்து பாக்கறதுன்னு திட்டம். ரத்தம், ஜீன், மூளை ஸ்கேன், ஞாபகம், சாப்பாடு, தூக்கம் எல்லாத்தையும் பாக்கறாங்க. பள்ளிக்கூடமே போகாத கிழவியைக் கூப்பிட்டு 'இந்தப் பத்தியைப் படி'ன்னு சொன்னா அவ என்ன பண்ணுவா? அதனால ஞாபகச் சோதனையைக் கன்னடத்துலயும் தெலுங்குலயும் நம்ம ஜனங்களுக்கு ஒத்து வர மாதிரி மாத்தி வெச்சிருக்காங்க. எனக்கு ஒரே ஒரு வருத்தம். மாங்கா பறிச்சவன் மூளையைப் பாத்தவங்க, அதே ஜில்லாவுல தங்கம் தோண்டினவன் மண்டையையும் கொஞ்சம் தட்டிப் பாத்திருக்கலாம். உள்ள இன்னும் தூசி இருக்கும், அவ்வளவுதான்.

இந்தியா பூரா 10,000 பேரோட மரபணுவைப் படிச்ச ஜீனோம் இந்தியா வேலையை முன்னால நின்னு நடத்தினதும் அதே மையம்தான். 2020ல ஆரம்பிச்சாங்க, 2025 ஜனவரியில தகவலை ஆராய்ச்சிக்காரங்களுக்குத் திறந்து விட்டாங்க. அதெல்லாம் கூடி வந்து, நம்ம ரத்தத்துக்கு நம்ம கணக்கு வரட்டும். அதுவரைக்கும் உன் ரிப்போர்ட்ல வர்ற மார்க்கைக் கடன் வாங்கின மார்க்குன்னு வெச்சுக்க.

இன்னொண்ணு, நம்ம வூட்டுச் சங்கதி. வடஆற்காட்டுல இருந்து மூட்டை கட்டிக்கினு வந்தவங்க, இங்க வந்தும் விட்டாங்களா? மாமன் பொண்ணு, அத்தைப் பையன்னு அதே நாலு வூட்டுக்குள்ளதான் சுத்திச் சுத்தி. ஹைதராபாத் சிசிஎம்பி ஆராய்ச்சி மையத்துல தங்கராஜ், அவரோட சேந்தவங்க 2017ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. தெற்காசியாவுல 263 ஜனக்கூட்டத்தைப் பாத்ததுல 81 கூட்டம் பின்லாந்துக்காரங்களைவிட, யூதங்கள்ல அஷ்கனாசிங்களைவிட இறுக்கமா, கொஞ்சம் பேர்ல இருந்தே பெருகி வந்ததுன்னு தெரிஞ்சுது. அந்த மாதிரிக் கூட்டத்துல அபூர்வமான நோய் ஒண்ணு நுழைஞ்சா உள்ளயே சுத்தும். பார்க்கின்னு ஒரு ஜீன் இருக்குது. அம்மா பக்கமும் அப்பன் பக்கமும் கெட்ட நகலே வந்து சேந்தா, சின்ன வயசுலயே கை நடுங்கற பார்கின்சன் வரும். நீ எச்சி துப்பறதுக்கு முன்னாடி ஒரு நோட்டை எடுத்து, யாருக்கு யார் மாமன் பொண்ணு, யாருக்கு எத்தனை வயசுல கை நடுங்கிச்சு, யாருக்கு மறந்துச்சுன்னு எழுது. அஞ்சு காசு செலவில்லை. டாக்டர் மொதல்ல கேக்கப் போறதும் அதுதான். கேட்டா என்னாலகூட பாதிப் பேருக்குச் சொல்ல முடியும். மீதிப் பேரோட நான் பேசறதில்லை.

இப்ப கொஞ்சம் சிரிக்காமச் சொல்றேன். சில குடும்பத்துல இது மடங்குக் கணக்கு இல்லை, நேர் கணக்கு. 2005ல சென்னை நரம்பு டாக்டருங்க 'நியூராலஜி இந்தியா'வுல எழுதினாங்க. ஒரு தமிழ் ஜனக்கூட்டத்துல எஸ்சிஏ-1ங்கற நோய் நிறைய இருக்குதுன்னு. சிறுமூளை கெட்டு நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஒரே ஒரு ஜீன்ல ஒரு எழுத்துக் கூட்டம் அளவுக்கு மேல திரும்பத் திரும்ப வர்றதால வர்ற நோய். அப்பனுக்கோ அம்மாளுக்கோ இருந்தா ஒவ்வொரு புள்ளைக்கும் பாதிக்குப் பாதி. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது அந்த எழுத்து இன்னும் நீளலாம், நோய் இன்னும் சின்ன வயசுல வரலாம். இதுல கொடுமை என்னன்னா, பகல் பன்னண்டு மணிக்குத் தள்ளாடி நடக்கறவனைப் பாத்தா ஊரு இன்னா சொல்லும்? தண்ணி போட்டிருக்கான்னு சொல்லும். டம்ளரைத் தொடாதவனுக்குக் குடிகாரப் பட்டம். அந்த மாதிரிக் குடும்பத்துக்குப் பரிசோதனை பண்ணி, 'இது நோய், குடி இல்லை'ன்னு ஒரு பேப்பர் வந்தா, அதுவே ஒரு மானம். ஆனா அது கூரியர்ல வர்ற சமாச்சாரம் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல, ஜீன் தெரிஞ்ச டாக்டர் முன்னாடியும் பேசி, முடிவு வந்த பின்னாடியும் பேசிச் செய்யறது.

ஹன்டிங்டன் நோயும் அதே ஜாதிதான். எழுத்து 40 தடவையோ அதுக்கு மேலயோ திரும்பினா, ஆயுசு இருந்தா நோய் வந்தே தீரும். நான்சி வெக்ஸ்லர்னு ஒரு அம்மா. அவங்க தாயார் அந்த நோயில போனாங்க. மரகைபோ ஏரிக்கரையில, வெனிசுலா நாட்டுல, அந்த நோய் இருக்கற குடும்பங்களுக்கு நடுவுல வருஷக்கணக்கா அலைஞ்சு, 1983ல அந்த ஜீன் எந்தக் குரோமோசோம்ல இருக்குதுன்னும் 1993ல ஜீனையே கண்டுபிடிக்கவும் பாடுபட்ட கூட்டத்துல முன்னால நின்னாங்க. பரிசோதனைக்கு வழி பண்ணிக் குடுத்தவங்க, தன் நிலைமையை மட்டும் ரொம்ப வருஷம் வெளியில சொல்லலை. 2020லதான் தனக்கும் அந்த நோய்னு சொன்னாங்க. இன்னொருத்தரு ஜேம்ஸ் வாட்சன், டிஎன்ஏ எப்படி முறுக்கிக்கினு இருக்குதுன்னு கண்டுபிடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரு. 2007ல தன் மரபணு முழுசையும் படிச்சு உலகத்துக்குக் காட்டினாரு. அந்த ஏபிஓஇ இடத்தை மட்டும் மறைச்சுடுங்க, எனக்குத் தெரிய வேணாம்னுட்டாரு. நோபல் வாங்கின பெரிய மனுஷனுக்கே இந்த ஒரு சங்கதியில நம்ம புத்திதான்.

தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவாங்கன்னு நான் பயமுறுத்தலை. 2009ல வந்த ஆராய்ச்சியில, அல்சைமர் வந்தவங்களோட புள்ளைங்களுக்கு உக்கார வெச்சு ஜீன் ரிசல்ட்டை விளக்கிச் சொன்னாங்க. பெரும்பாலானவங்க நல்லாத்தான் தாங்கினாங்க. ஆனா 4ன்னு தெரிஞ்சவங்கள்ல சத்து மாத்திரை டப்பா வாங்கினவங்க கூடிட்டாங்களாம். மாத்திரைக்கும் மறதிக்கும் சம்பந்தம் இருக்குதோ இல்லையோ, டப்பா விக்கறவனுக்கும் பயத்துக்கும் நல்ல சம்பந்தம் இருக்குது.

நீ தேடற முட்டு ஜீன் பாக்காமலே இருக்குது. 2024ல லான்செட் மருத்துவப் பத்திரிகையோட குழு 14 காரணத்தைச் சொல்லுச்சு. எல்லாத்தையும் சரி பண்ணினா உலகத்துல வர்ற மறதி நோய்ல 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியும்னாங்க. படிப்பு இல்லாதது, காது கேக்காதது, கண்ணு தெரியாதது, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, மண்டையில அடி, பீடி, சாராயம், உடம்பு அசையாதது, பருமன், மனச்சோர்வு, ஊர் புகை, தனியாக் கிடக்கறது. படிச்சுப் பாத்தா நம்ம லைனோட வரவு செலவு மாதிரி இருக்குது. டிரில்லிங் மெஷின்கிட்ட நின்ன எவனுக்குக் காது ஒழுங்காக் கேக்குது? நம்ம நாட்டுல 60 வயசுக்கு மேல நூத்துக்கு 7 பேருக்கு மேல, மொத்தம் 88 லட்சம் பேருக்கு மறதி நோய்னு 2023ல கணக்குச் சொன்னாங்க. படிக்காதவங்களுக்கு, பொம்பளைங்களுக்கு, கிராமத்துல இருக்கறவங்களுக்கு அதிகம்னும் சொன்னாங்க. உங்க ஆயாவைத் தம்பிங்களைத் தூக்கிக்கினு வூட்டுல கிடன்னு பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தினாங்க. தூக்கின தம்பிங்கள்ல ஒருத்தன் நான். அதுக்கு எந்தக் குழாய்ல துப்பறது?

நீ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லேப்டாப். காலையில ரயில்ல தூக்கம். ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடிக்கு மாட்டி விட்டுட்டு, மண்டையைக் காத்துல ஓட்டிக்கினு போறவன். உன் சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவுன்னு கேட்டா முழிக்கற. அந்த எச்சிக் குழாய்க் கிட்டுக்குக் குடுக்கற காசுல ஒரு பங்கு இல்லை அதுக்கு. சிவப்பு வந்தாலும் டாக்டர் சொல்லப் போறது இதைத்தான், பச்சை வந்தாலும் இதைத்தான்.

எல்லாத்துக்கும் மேல, அந்த எச்சி உன்னுது மட்டும் இல்லைடா. உன் அக்காவுக்கும் அதுல பாதிப் பங்கு. உன் அப்பனுக்கும் உண்டு. ரெண்டு 4ன்னு உனக்கு வந்தா, உன் அப்பனுக்கு ஒண்ணாவது இருக்குதுன்னு கேக்காமலே சொன்ன மாதிரி. அந்தாளு ஏற்கெனவே ஆயாவைப் பாத்துப் பயந்து, தினம் காலையில பேப்பர் குறுக்கெழுத்தை என்கிட்ட கேட்டுப் போடறான். உன் அக்கா இப்ப புள்ளைத்தாச்சி. உனக்குப் பொண்ணு பாக்கற தரகன் வேற வாசல்ல நிக்கறான். அவன் காதுல ஒரு எழுத்து விழுந்தா ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பூரா ரிப்போர்ட் போயிடும். தகவல் எங்க போய்ச் சேரும்னு கம்பெனிக்காரனுக்கே தெரியாது. அமெரிக்காவுல 23அண்ட்மீன்னு பெரிய கம்பெனி, கோடிக்கும் மேல ஜனங்களோட எச்சியை வாங்கி வெச்சது, 2025 மார்ச்சுல திவால்னு கோர்ட்டுக்குப் போச்சு. தங்கம் எடுக்கறது கட்டுப்படாமப் போனதும் நம்ம கம்பெனி ஷாப்டை மூடிட்டுப் போச்சு. அவங்க போனா உன் எச்சியை யார் ஏலம் எடுப்பான்னு கேட்டியா?

அதனால மொதல்ல அக்காவுக்கு போன் போடு. விஷயத்தைச் சொல்லு. "எனக்கும் தெரியணும்"னா ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் ஜீன் டாக்டரைப் பாருங்க. "எனக்கு வேணாம்"னா நீ தெரிஞ்சுக்கினு அவ முன்னாடி மூஞ்சியை எப்படி வெச்சுப்பன்னு யோசி. ரம்மியில ஜோக்கர் வந்தாலே காது வரைக்கும் சிரிக்கறவன் நீ.

ஞாயித்துக்கிழமை வா. ஆயாவுக்குக் காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கி இருக்குது. டீக்கடைக்காரன் சொல்ற ஓவர்டைம் சங்கதி அவளுக்குச் சரியாக் கேக்காம, நேத்து "ஆஸ்பத்ரியா?"ன்னு பதறிட்டா. கிட்டுக்கு எடுத்து வெச்ச காசைக் கையோட கொண்டா, அவளுக்குக் காது மெஷின் வாங்கணும். மிச்சம் இருந்தா எனக்கும் ஒண்ணு வாங்கலாம்னு டாக்டர் சொல்றாரு. உங்கப்பன் பேசறது பூராவும் கேக்குமேன்னுதான் எனக்கு யோசனையா இருக்குது.